பெட்டரி இறங்கும் வரை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பிலிருந்து ஒருவர் பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா கேட்டதும் எங்கள் வட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் விவாதம் நடந்தது. கடைசியில், டொக்டர்தான் ஆட்களைக் காத்திருக்க வைத்துப் பழகியவர், அவரே பேசட்டும் என்று முடிவாயிற்று. ஆகவே இங்கே வாய் ஒன்றுதான், நினைவு பலருடையது. இது யார் வீட்டில் நடந்தது, அந்தத் தாத்தா யாருடைய தாத்தா என்று யாரும் எழுந்து கேட்க வேண்டாம். நோய் நொடி பற்றிப் பேசக்கூடாது என்பது அக்காவின் நிபந்தனை. ஒரேயொரு இடத்தில் அதை மீறுவோம், மன்னிக்கவும்.

எங்கள் வகுப்பில் பெரும்பாலானவர்கள் 1982இல் பிறந்தவர்கள். அதே ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதிதான் ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான் கொடுத்த உதவியில் வந்தது அது. அதன் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே, 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையில் நிற்கிறது. நாடு பார்த்த படமெல்லாம் எங்கள் தலைக்கு மேலேயிருந்துதான் போனது. மின்சாரமும் அப்படித்தான். காசல்ரீ, மவுசாகலைத் தண்ணீர் லக்ஷபானவில் மின்சாரமாகி, எங்கள் லயத்துக் கூரைக்கு மேலே கம்பியில் ஏறிக் கொழும்புக்குப் போனது. மழை நாளில் அந்தக் கம்பிகள் உறுமுவது காம்பராவுக்குள் படுத்திருக்கும்போது கேட்கும். கூரைக்குக் கீழே குப்பி லாம்புதான். டவுனிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது அப்போதே புரியவில்லை. "கரண்ட் இல்லாமல் எப்படி டீவி பார்ப்பீர்கள்?" என்று ஐந்தாம் வகுப்பிலேயே எங்களைக் கேட்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

இப்படித்தான் பார்த்தோம். கொழும்பில் கடையில் வேலை செய்த சித்தப்பா ஒரு தீபாவளிக்குச் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அது கார் பெட்டரியில் ஓடும். அந்தெனாவை மூங்கில் கம்பில் கட்டிக் கூரையோரம் நிறுத்தினோம். ஒருவர் வெளியே நின்று கம்பைத் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று கத்த, உள்ளே இருக்கிறவர்கள் "இப்ப சரி, இப்ப சரி, ஐயோ போயிருச்சு" என்பார்கள். எங்கள் மலைகளில் இது தனிக் கலை. இந்தப் பக்கத்து லயத்தில் தெளிவாக விழுகிற படம், மலையைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் ஒரே புள்ளி மழை.

பெட்டரி இறங்கிவிட்டால் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட வேண்டும். சாக்கில் கட்டி, தோளில் தூக்கி, பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டு போவார்கள். சித்தப்பாவின் சாரம் எல்லாவற்றிலும் ஆசிட் பட்ட பொட்டு ஓட்டைகள் இருக்கும். தாத்தா மட்டும் அந்த வேலைக்குப் போகமாட்டார். டவுனுக்கே போகமாட்டார். காரணம் பிறகு வரும்.

சார்ஜுக்குக் காசு கொடுத்தவர் அப்பாயி. வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போவார். அந்தக் காசுதான் பெட்டரிக்கு. ஆகவே எதைப் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் அதிகாரம். தமிழ்ப் படத்துக்கு முழு அனுமதி. செய்திக்குத் தாத்தாவின் பேரில் கொஞ்சம். விளம்பரம் வந்தால் "அணைச்சுப் போடு, சும்மா பெட்டரி போவுது" என்பார். அணைத்துவிட்டுப் போட்டால் படம் வருவதற்குள் பாதிக் காட்சி போய்விடும் என்று எத்தனையோ முறை சொல்லியும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. பெட்டரி இறங்க இறங்கப் படம் நான்கு பக்கமும் சுருங்கும். கதாநாயகி குள்ளமாவாள், பிறகு குரல் மட்டும், பிறகு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி அணையும் வரை யாரும் எழும்ப மாட்டார்கள்.

அப்பாயி எப்போதும் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்காருவார். அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் உட்பட இருபது பேர் பின்னால் இருப்போம். "மறைக்குது அப்பாயி, தள்ளுங்க" என்று சத்தம் போடுவோம். கொஞ்சம் தள்ளுவார். மறுபடி சத்தம். கடைசியில் சுவரோரம் போய்ச் சாய்ந்துகொள்வார், அங்கிருந்து வசனத்தை மட்டும் கேட்பார். "கண்ணுக்குள்ள பனி மூட்டமா இருக்கு" என்று அடிக்கடி சொல்வார். அட்டன் பக்கத்தில் ஒருவர் பனி மூட்டம் என்றால் யார் அதைப் பெரிதாக எடுப்பார்கள்?

இனி விளையாட்டு. பெரட்டுக்களத்தில் அண்ணன்மார் கிரிக்கெட் ஆடுவார்கள். மட்டை, பெட்டிப் பலகையில் செதுக்கியது. பந்து தேயிலைக்குள் விழுந்தால் அவுட். சட்டம் அப்படி ஆனதற்குக் காரணம் விளையாட்டு இல்லை, கங்காணி. தேயிலைக்குள் இறங்கிக் கொப்பை உடைத்தால் ஏச்சு விழும். பந்து தேடும் வேலை எங்களுக்கு, காலில் அட்டை ஏறும் உரிமையும் எங்களுக்கு. மட்டை மட்டும் கைக்கு வராது. வந்திருந்தால் இந்தப் பாடசாலைக்கு ஒரு மகளிர் கிரிக்கெட் அணி அப்போதே கிடைத்திருக்கும் என்று எங்களில் சிலர் இன்னும் நம்புகிறோம். இங்கே எங்களுக்குக் கிடைத்தது வலைப்பந்தும் அஞ்சலோட்டமும்தான்.

கிரிக்கெட்டில் எங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். முத்தையா முரளிதரனின் தாத்தா 1920இல் தென்னிந்தியாவிலிருந்து இங்கே தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் திருச்சிக்கே திரும்பிவிட்டார், மகன்மார் கண்டியில் தங்கிவிட்டார்கள். எங்கள் வீடுகளின் கதையும் அதுதான், இரண்டாகக் கிழிந்த குடும்பம். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்போர்னில் நடுவர் டரல் ஹெயார் முரளியின் பந்துகளை ஏழு தடவை 'நோ போல்' என்று சொன்னார். அன்று எங்கள் லயத்தில் சாவு வீடு மாதிரி இருந்தது. கையை மடக்கி எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அவருடையது என்று மருத்துவம் படிக்கப் போனபிறகு விளங்கிக்கொண்டோம். தாத்தாவுக்கு அது அன்றே விளங்கியிருந்தது. "கையி அப்பிடித்தான்டா இருக்கு, அவன் என்ன செய்வான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

அடுத்த ஆண்டு உலகக் கிண்ணம். 1996 மார்ச் 13, புதன்கிழமை, கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் அரையிறுதி. இலங்கையும் இந்தியாவும்.

அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜனவரி கடைசியில்தான் கொழும்பில் மத்திய வங்கிக் குண்டு வெடித்திருந்தது. பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்கும் காலம். தாத்தாவிடம் அடையாள அட்டை இல்லை. இருந்தது ஒரு இந்தியப் பாஸ்போர்ட், ஒரு தடவையும் பயணம் போகாதது. அவர் டவுனுக்குப் போகாத காரணம் அதுதான். எங்கள் தங்கைமாருக்காக வரலாற்றை இரண்டு வரியில் சொல்கிறோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். தாத்தாவும் அப்பாயியும் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அப்பா வயது வந்ததும் தனியாக இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார். மகனை விட்டுவிட்டுப் போவதா என்று தாத்தா இந்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். 1984இல் யுத்தத்தால் தலைமன்னார்க் கப்பல் நின்றது. போகவும் இல்லை, இருப்பதாகக் கணக்கும் இல்லை.

அன்று இரவு காம்பராவில் மூச்சு விட இடமில்லை. முதல் ஓவரிலேயே சனத் ஜயசூரியவும் களுவிதாரணவும் போய்விட்டார்கள். அரவிந்த டி சில்வா 66 அடித்தார். 251 ஓட்டங்கள். இந்தியா ஆடும்போது டெண்டுல்கர் 65 ஓட்டங்களில் ஸ்டம்ப் ஆனார். 98க்கு ஒரு விக்கெட் என்று நின்ற இந்தியா 120க்கு எட்டு ஆனது. சனங்கள் போத்தல் எறிந்தார்கள், தீ வைத்தார்கள், கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி என்றார். அண்ணன்மார் தகரம் தட்டினார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று மறுநாள் டவுனில் யாராவது கேட்டால் சத்தமாகச் சொல்ல எங்களிடம் விடை இருந்தது, அந்தச் சந்தோசமும் அதில் கலந்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. வினோத் காம்ப்ளி மைதானத்தைவிட்டு அழுதுகொண்டே வருவதைக் காட்டினார்கள். அப்போதுதான் வாய் திறந்தார்.

"யாரு அந்தப் பையன்? இப்பிடித்தான் எங்கண்ணன் அழுதான், அட்டன் ஸ்டேசன்ல..."

நாங்கள் "உஸ்!" என்றோம். அரவிந்தவுக்கு ஆட்ட நாயகன் விருது கொடுக்கப்போகிறார்கள், அந்த நேரத்தில் இவருக்குக் கதை. "பெறகு சொல்லுங்க தாத்தா." அவர் வாயை மூடிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பெட்டரி இறங்கிப் படம் சுருங்கிப் புள்ளியானது. இருட்டில் போய்க் கேட்டிருக்கலாம். காலையில் பள்ளிக்கூடம் என்று படுத்துவிட்டோம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாகூரில் இறுதி ஆட்டம். லயமே காசு சேர்த்து இரண்டு பெட்டரி கொண்டுவந்தது. அரவிந்த 107, ஆட்டமிழக்காமல். அவுஸ்திரேலியாவின் 241ஐ மூன்று விக்கெட்டுக்கு 245 எடுத்து வென்றோம். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எல்லோர் வீட்டிலும் அதே பட்டாசு.

அடுத்த ஆண்டு நமது இல்ல விளையாட்டுப் போட்டி. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அஞ்சலோட்டத்தில் இருந்தோம். பெற்றோருக்கு அழைப்பிதழ் கொடுத்திருந்தார்கள். அழைப்பிதழ் அம்மாவுக்கு, ஆனால் அம்மாவுக்கு மலையில் வேலை. அப்பாயி கைக்காசுக் கொழுந்தைப் பாதியில் போட்டுவிட்டு வந்துவிட்டார். இடுப்பில் படங்கு, தலையில் சாக்கு, காலில் செருப்பில்லை, கெண்டைக்காலில் அட்டை கடித்த இரத்தம். மைதானத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவராகவே உள்ளே வரவில்லை, வேலிக்கு வெளியே நின்றார்.

கடைசிச் சுற்றுக் கோல் எங்கள் கைக்கு வந்தபோது வேலிக்கு வெளியே ஒரு சத்தம்: "ஓடு புள்ள, ஓடு!" பார்த்தால் அப்பாயியும் ஓடுகிறார். படங்கு சரசரக்க, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேலி முடியும் இடம் வரை. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். இரண்டாவதாக வந்தோம். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி கேட்டாள்: "அது யாரடி?"

"யாரோ தோட்டத்து ஆள்" என்றோம்.

சொன்னது ஒருத்தி. ஆனால் எங்கள் குழுவில் இதை எழுதிப் போட்டபோது, "நானும் ஒருநாள் அப்படிச் சொன்னேன்" என்று வெவ்வேறு நாடுகளிலிருந்து ஆறு பேர் எழுதினார்கள். ஒருத்தி பஸ்ஸில், ஒருத்தி ஆஸ்பத்திரியில், ஒருத்தி இதே வாசலில். அதனால்தான் இதை 'நாங்கள்' என்றே சொல்கிறோம். அன்று மாலை அப்பாயி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவித்த மரவள்ளிக் கிழங்கை மடியிலிருந்து எடுத்துத் தந்தார், அவ்வளவுதான். காதில் விழுந்ததா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது.

தாத்தா 2001இல் போனார். இரண்டு வருடம் கழித்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களும் எழுதிக்கொடுத்துப் பெறலாம். அப்பாயி பெற்றார். 2004 ஏப்ரல் 2ஆம் திகதி பொதுத் தேர்தலில் முதல் தடவையாக வோட்டுப் போட்டார். வீட்டுக்கு வந்து மை பூசிய விரலை எல்லோருக்கும் காட்டினார், பாத்திரம் கழுவும்போது அந்த விரலை மட்டும் மடக்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சின்னம் ஒண்ணும் தெரியல புள்ள. பனியா இருந்துச்சு. ஒரு குத்துமதிப்பாத்தான் போட்டேன்."

இங்கேதான் அக்காவின் நிபந்தனையை மீறுகிறோம். பேராதனையில் மருத்துவ பீடத்தில் படிக்கும்போது கண் பிரிவுக்குப் போன முதல் வாரம் கண்புரையைப் பற்றிப் பாடம். நோயாளிகள் எப்படிச் சொல்வார்கள் என்று விரிவுரையாளர் விளக்கினார். மங்கலாகத் தெரியும், புகை மாதிரி, மூட்டம் மாதிரி இருக்கும், பக்கத்தில் போய்ப் பார்ப்பார்கள். குறிப்பெடுத்த பேனை நின்றுவிட்டது. "மறைக்குது அப்பாயி, தள்ளுங்க." சுவரோரம் சாய்ந்து வசனம் மட்டும் கேட்ட அத்தனை வருடம். அந்த டீவிக்குக் காசு கொடுத்தவர் அவர்.

2006இல் சத்திரசிகிச்சை நடந்தது. முதல் நாள் இரவு வார்டில் பக்கத்தில் இருந்தோம். பயமா என்று கேட்டால் பயமில்லை என்றார். தூக்கம் வரவில்லை. டீவி இல்லை, உஸ் சொல்லவும் ஆளில்லை. அப்போதுதான் கேட்டோம்: "அட்டன் ஸ்டேசன்ல தாத்தாவோட அண்ணன் ஏன் அழுதாரு?"

அழுகைக் கோச்சி என்பார்கள். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன இரயிலுக்கு எங்கள் மலைகளில் வழங்கிய பெயர். பெரிய தாத்தா குடும்பத்தோடு ஏறிவிட்டார். கோச்சி அசைந்ததும் ஜன்னல் வழியாகத் தம்பியின் கையைப் பிடித்தவர் விடவில்லை. தாத்தா கையைப் பிடித்தபடியே பிளட்போமில் ஓடினார். பிளட்போம் முடியும் இடம் வரை. அங்கே கை விட்டது. சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதுகொண்டு பெரிய தாத்தா போனார். ஒரு கடிதம் மண்டபத்திலிருந்து வந்தது. அவர் எந்த ஊரில் குடியேறினார் என்று பிறகு தகவல் இல்லை. "ஒங்க தாத்தா அன்னிக்கு ராத்திரி முழுக்கக் கையப் பாத்துக்கிட்டு இருந்தாரு" என்றார் அப்பாயி. பிறகு, "மணி என்னா? நீ போயிப் படு" என்றார்.

கட்டு அவிழ்த்த அன்று எங்களைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "என்னா இப்பிடி மெலிஞ்சு போயிட்ட!" ஐந்து வருடம் டீவியைத் தூரத்தில் உட்கார்ந்தே பார்த்தார். லயத்துக்கு அப்போது மின்சாரமும் வந்துவிட்டது. விளம்பரம் வந்தால் அணைக்கச் சொல்லும் பழக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக மைதானத்துக்குப் புதிய பார்வையாளர் கூரை அமைக்கப்போவதாகச் செயலாளர் அக்கா சொன்னார். எங்கள் வகுப்பின் பங்கு நாற்காலிகள். இருபது நாற்காலி தருகிறோம், கைப்பிடி உள்ளதாக, முழங்கால் வலிப்பவர்கள் பிடித்து எழும்பக்கூடியதாக. அவற்றை முதல் வரிசையில் போட வேண்டும். பிரதம அதிதிக்குப் பக்கத்தில். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போது 'பெற்றோருக்கு' என்பதோடு 'அப்பாயி, அம்மாயி, தாத்தாமாருக்கும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வாசலில் நிற்கும் மாணவத் தலைவிகள், வேலிக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை போய்ப் பார்த்துக் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும்.

சாப்பாடு ஆறுகிறது என்று அக்கா சைகை காட்டுகிறார்.